குளிர்காலத்தில் ஓடுவதற்கு என்ன உடுப்பது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

ரொறன்ரோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒன்ராறியோ ஏரிக்கரைப் பாதையில் ஓடப் போனபோது, பஸ்ஸுக்குக் காத்து நிற்பதற்கு வாங்கிய இறகு அடைத்த தடித்த ஜக்கெற்றையும், அதற்குள் ஒரு பருத்தி ஹூடியையும், அதற்கும் உள்ளே ஒரு பருத்தி ரீசேர்ட்டையும் அணிந்திருந்தேன். இரண்டாவது கிலோமீற்றரிலேயே முதுகில் வியர்வை வழியத் தொடங்கியது. ஐந்தாவது கிலோமீற்றரில் திரும்பி மேற்கிலிருந்து வந்த காற்றை எதிர்கொண்டபோது, உள்ளே நனைந்திருந்த பருத்தி உடம்போடு ஒட்டிக் குளிர்ந்துபோய், வீடு வந்து வெந்நீரில் குளித்த பிறகும் நடுக்கம் அடங்கவில்லை. அன்று வெப்பநிலை வெறும் -4 பாகை செல்சியஸ். வெப்பமான ஊர்களில் வளர்ந்த எங்களுக்குக் குளிர் என்றவுடன் இன்னுமோர் உடுப்பை எடுத்துப் போட்டுக்கொள்வதே இயல்பாக இருக்கிறது. ஆனால் ஓடுபவரை நடுங்க வைப்பது பெரும்பாலும் உடுப்புக் குறைந்ததால் வரும் குளிரன்று, உடுப்புக் கூடியதால் வரும் வியர்வையும் அந்த ஈரத்தின் மேல் வீசும் காற்றும்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் சமாளிப்பதற்கானவை.

படி 1: வெப்பநிலையோடு காற்றையும் பாருங்கள்

கனடாவின் வானிலை அறிவிப்பில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் காற்றுக்குளிர் (காற்று வீசும்போது தோல் உணரும் குளிர்) என்ற இன்னோர் எண்ணும் வரும். வெப்பநிலை -10 பாகையாக இருந்து, மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், அந்த எண் -20 ஆகும். இப்போது கனடாவும் அமெரிக்காவும் பயன்படுத்தும் கணக்கு 2001ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்காக ரொறன்ரோவில் ஒரு காற்றுச் சுரங்க ஆய்வுகூடத்தில் 12 தன்னார்வலர்களை நடைப்பொறியில் நடக்கவிட்டு, அவர்களின் முகத்தில் உணர்கருவிகளைப் பொருத்தி, தோல் எவ்வளவு விரைவாக வெப்பத்தை இழக்கிறது என்று அளந்தார்கள். ஆகவே அந்த எண் திறந்திருக்கும் முகத்தோலைப் பற்றியது. உடுப்புக்குள் இருக்கும் உடம்பைப் பற்றியது அன்று. முகம், காது, விரல்கள் ஆகியவற்றை மூடுவது பற்றி முடிவெடுக்கக் காற்றுக்குளிரையும், நெஞ்சுக்கும் கால்களுக்கும் எத்தனை அடுக்கு வேண்டும் என்று முடிவெடுக்க வெப்பநிலையையும் பாருங்கள். இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் -20 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு மூன்று அடுக்குகளை மாட்டிக்கொண்டு வியர்த்து நனைகிறார்கள்.

காற்றுக்குளிர் -28க்குக் கீழே இறங்கினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகக்கூடும். புதிதாகத் தொடங்குபவர்கள் அப்படியான நாட்களில் உள்ளரங்கில் ஓடுவதே நல்லது.

படி 2: வெளியே 10 பாகை கூடுதலாக இருப்பதாக எண்ணி உடுங்கள்

ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. மிதமான வேகத்தில் ஓடும் ஒருவரின் உடல், சும்மா உட்கார்ந்திருக்கும்போது வெளியிடுவதைப்போலக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெப்பத்தை வெளியிடுகிறது. எனவே -5 பாகையில் ஓடப் போகிறீர்கள் என்றால், +5 பாகையில் கடைக்கு நடந்து போக எதை உடுப்பீர்களோ அதையே உடுங்கள். கதவைத் திறந்து வெளியே வந்ததும் இலேசாகக் குளிர வேண்டும். முதல் 10 நிமிடங்கள் அந்தக் குளிரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால், திரும்பிப் போய் ஓர் அடுக்கைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். மிக மெதுவாக ஓடுபவர்களும், ஓட்டத்துக்கு இடையில் நடப்பவர்களும் 10க்குப் பதிலாக 5 பாகையைக் கூட்டிக்கொண்டால் போதும், ஏனென்றால் அவர்களின் உடல் அவ்வளவு வெப்பத்தை உண்டாக்குவதில்லை.

படி 3: தோலோடு ஒட்டும் முதல் அடுக்கு

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். மேலே அணியும் ஜக்கெற் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், தோலோடு ஒட்டியிருக்கும் துணி நனைந்து நனைந்தபடியே இருந்தால் அதனால் பயனில்லை.

பருத்தி எங்களுக்கு மிகவும் பழகிய துணி. யாழ்ப்பாணத்து வெயிலிலும் சென்னை வெயிலிலும் அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிர வைப்பது பெரும் வரம். அதே குணம்தான் குளிர்காலத்தில் கேடாகிறது. பொலியெஸ்ரர் இழையோ தன் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவான ஈரத்தையே தனக்குள் வாங்கும். வியர்வை இழைகளுக்கு இடையே பரவி வெளிப்பக்கம் வந்து உலர்ந்துவிடும். மெரினோ என்ற செம்மறியாட்டு இனத்தின் கம்பளி இதற்கு வேறான வழியில் செயற்படுகிறது. அது தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது, நனைந்தாலும் ஓரளவு கதகதப்பைத் தரும், இரண்டு மூன்று ஓட்டங்களுக்கு அணிந்தாலும் நாற்றமடிக்காது. மெரினோவின் இழை மெல்லியது என்பதால் பழைய கம்பளிச் சுவெற்றரைப்போல் தோலைக் குத்தாது. குறை என்னவென்றால் விலை கூட, விரைவில் ஓட்டை விழும். நான் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டங்களுக்குப் பொலியெஸ்ரரையும், நீண்ட ஓட்டங்களுக்கு மெரினோவையும் அணிகிறேன். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் பொலியெஸ்ரர் போதும்.

கடையில் வாங்கும்போது மூன்று விடயங்களைப் பாருங்கள். உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டை வாசித்து, பருத்தி கலந்திருந்தால் வைத்துவிடுங்கள். விளையாட்டு உடுப்பு என்று விற்கப்படும் பலவற்றிலும் பாதிக்கு மேல் பருத்திதான் இருக்கிறது. அடுத்து, துணி உடம்போடு படிந்திருக்கிறதா என்று அணிந்து பாருங்கள்: தோலைத் தொடாத துணியால் வியர்வையை எடுக்க முடியாது. மெரினோ என்றால் சதுர மீற்றருக்கு 150 கிராம் எடையுள்ளது பெரும்பாலான நாட்களுக்கும், 200 முதல் 250 கிராம் உள்ளது கடுங்குளிர் நாட்களுக்கும் பொருந்தும். இந்த எண் பெரும்பாலும் சீட்டிலேயே இருக்கும்.

பெண்கள் அணியும் விளையாட்டு உள்ளாடைக்கும் இதே விதிதான். தடித்த பஞ்சு வைத்த உள்ளாடை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு நெஞ்சை நெடுநேரம் குளிர வைக்கும் என்பதால், இயன்றவரை பஞ்சில்லாததைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: நடு அடுக்கு

-8 பாகை வரைக்கும் இது பெரும்பாலும் தேவைப்படாது. அதற்குக் கீழே, மெல்லிய ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கை இழைத்) துணியில் கழுத்துவரை ஸிப் வைத்த ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். ஓடும்போது வெப்பம் கூடினால் ஸிப்பை ஒரு சாண் இறக்கிவிட்டால் போதும். இறகு அடைத்த உடுப்பை மட்டும் ஓட்டத்துக்கு அணிய வேண்டாம். வியர்வை பட்டதும் இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிக் கதகதப்பை இழந்துவிடும்.

படி 5: காற்றைத் தடுக்கும் மேலடுக்கு

இந்த அடுக்கின் வேலை சூடு தருவது அன்று, காற்றை நிறுத்துவது. ஒரு கைப்பிடிக்குள் சுருட்டி அடக்கக்கூடிய மெல்லிய நைலோன் ஜக்கெற்றே அதைச் செய்துவிடும். துணியை உதட்டோடு அழுத்தி வைத்து ஊதிப் பாருங்கள்: மூச்சு இலகுவாக மறுபக்கம் போனால் ஏரிக்காற்றும் போகும், சற்றும் போகாவிட்டால் உங்கள் வியர்வையாவி வெளியேறவும் வழியிருக்காது. இலேசாக எதிர்ப்புக் காட்டும் துணியே ஓடுவதற்கு ஏற்றது. முன்பக்கம் காற்றைத் தடுக்கும் துணியும், முதுகிலும் அக்குளிலும் காற்றோட்டமான துணியும் வைத்துத் தைத்தவை இன்னும் சிறந்தவை. தலைவழியாகப் போடுவதைவிட, முழு நீள ஸிப் வைத்ததை வாங்குங்கள்.

முழுமையாக மழையைத் தடுக்கும் ஜக்கெற் உலர்ந்த உறைகுளிரில் தேவையில்லை. +2 பாகையில் மழையும் பனியும் கலந்து பெய்யும் நாட்களுக்குத்தான் அது வேண்டும். என் அனுபவத்தில் உலர்ந்த -10 பாகையைவிட நனைந்த +2 பாகையே உடம்பை அதிகம் வருத்துகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

படி 6: கால்கள்

ஓடும்போது அதிகம் உழைப்பவை கால்கள் என்பதால், அவற்றுக்கு மேலுடம்பைவிடக் குறைந்த உடுப்பே போதும். உறைநிலை வரை சாதாரண ஓட்ட ரைற்ஸ் (காலோடு ஒட்டும் நீளக் காற்சட்டை) ஒன்றே போதுமானது. அதற்குக் கீழே உட்பக்கம் பூம்பஞ்சு போல மென்மையாக்கிய தடித்த ரைற்ஸை அணியலாம். -15 பாகையில் அதன்மேல் ஒரு தளர்வான காற்றுத்தடுப்புக் காற்சட்டை. ஆண்கள் முன்பக்கம் காற்றைத் தடுக்கும் துணி வைத்த உள்ளாடையை அணிவது மிக முக்கியம். வெட்கத்தினால் யாரும் சொல்லித் தருவதில்லை என்றாலும், மெல்லிய காற்சட்டையோடு எதிர்காற்றில் நெடுநேரம் ஓடியவர்களுக்கு அந்த இடத்திலும் உறைபுண் (தோல் குளிரில் உறைந்து வரும் காயம்) வந்திருக்கிறது.

படி 7: கை, காது, முகம்

உடம்பு குளிரும்போது இரத்தம் முதலில் கைகால்களின் நுனிகளிலிருந்துதான் பின்வாங்குகிறது. விரல் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரல்களையும் ஒன்றாக அடக்கும் மிற்றன் எப்போதும் கதகதப்பானது, ஏனென்றால் விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். -8 பாகை வரை மெல்லிய கையுறையும், அதற்குக் கீழே அதன்மேல் ஒரு காற்றுத்தடுப்பு மிற்றனும் அணிந்தால், சூடு ஏறியதும் மேலதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

உடல் வெப்பத்தின் பாதி தலைவழியே போய்விடும் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அது தவறு. உடலின் மேற்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தலை. வெப்பமும் அந்த அளவிலேயே போகிறது. ஆனால் காதுகளை மூடியே ஆக வேண்டும். உறைநிலையை ஒட்டிய நாட்களில் காதுப்பட்டி போதும், அதற்குக் கீழே இங்கே டூக் என்று சொல்லப்படும் பின்னல் தொப்பியின் மெல்லிய வகை. கழுத்துக்கு ஒரு குழாய்த்துணி அணிந்தால் அதை மூக்குவரை ஏற்றிக்கொள்ளலாம். அதற்குள் விடும் மூச்சு அடுத்து உள்ளே போகும் காற்றைச் சற்றுச் சூடாக்கி ஈரமாக்கும் என்பதால், குளிர்ந்த காற்றில் இருமலோ இளைப்போ வருபவர்களுக்கு இது பெரிய உதவி. ஆஸ்துமா உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன் மருத்துவரோடு பேசிக்கொள்ளுங்கள். குளிரைத் தடுக்கும் என்று முகத்தில் களிம்பைத் தடித்துப் பூசுவதை மட்டும் நம்ப வேண்டாம். அது காப்பது போன்ற உணர்வைத் தருமே தவிர, துணியின் வேலையைச் செய்யாது.

இங்குள்ள கையேடுகள் தோல் வெளிறினால் உறைபுண் தொடங்குகிறது என்கின்றன. எங்கள் கருநிறத் தோலில் அந்த வெளிறல் எளிதில் தெரிவதில்லை, சாம்பல் பூத்ததுபோல் இருக்கலாம். ஆகவே நிறத்தைவிட உணர்வையே நம்புங்கள். எரிந்துகொண்டிருந்த மூக்கு நுனியோ காது மடலோ விரலோ திடீரென்று மரத்துப்போனால் உடனே உள்ளே போய், உள்ளங்கையால் மூடிச் சூடாக்குங்கள், தேய்க்க வேண்டாம்.

படி 8: சப்பாத்தும் காலுறையும்

கோடைகாலச் சப்பாத்தின் மேற்பகுதி வலைத்துணியாக இருப்பதால் காற்று நேரே விரல்களுக்குப் போகும். புதிதாக வாங்க வசதியில்லாவிட்டால், விரல்களுக்கு மேலுள்ள வலைத்துணியில் அகன்ற ஒட்டுநாடாவை ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு சோடிக் காலுறைகளைத் திணிப்பது பெருந்தவறு. இறுக்கத்தினால் இரத்தவோட்டம் குறைந்து கால் முன்னைவிடக் குளிரும். கணுக்காலுக்கு மேல் வரும் மெரினோ காலுறை ஒரு சோடி போதும். ரைற்ஸுக்கும் காலுறைக்கும் இடையில் தோல் தெரியக் கூடாது.

படி 9: புறப்படும் திசையும் திரும்பிய பின்னும்

காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்று முதுகில் படத் திரும்பி வாருங்கள். என் முதல் ஓட்டத்தில் இதைத் தலைகீழாகச் செய்திருந்தேன். டிசம்பரில் ரொறன்ரோவில் மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால், ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டிகள் வைத்த மேலங்கி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடி முடித்ததும் 5 நிமிடத்துக்குள் ஈர உடுப்பை மாற்றுங்கள். காரில் வந்திருந்தால் உலர்ந்த சட்டையும் தொப்பியும் காரிலேயே இருக்கட்டும். துவைக்கும்போது துணி மென்மையாக்கியைச் சேர்க்க வேண்டாம், அது இழைகளின் மேல் படிந்து வியர்வை பரவுவதைத் தடுத்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதலில் கையுறையும் காதுப்பட்டியும், பிறகு முதல் அடுக்கும் ரைற்ஸும், கடைசியாக ஜக்கெற். மார்ச் மாதத்தில் கடைகள் குளிருடுப்புகளை மலிவாகக் கழிக்கும்போது அடுத்த ஆண்டுக்கானதை வாங்கலாம்.

படி 10: ஒரு சிறிய கொப்பி

ஒவ்வொருவர் உடம்பும் வேறு என்பதால், மேலே தந்த பாகைகளை உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் வெப்பநிலை, காற்று, உடுத்தவை, எங்கே குளிர்ந்தது, எங்கே வியர்த்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். ரொறன்ரோவுக்கு அருகிலுள்ள ஹமில்ரன் நகரில் 1894இலிருந்து நடந்துவரும் 30 கிலோமீற்றர் வளைகுடா ஓட்டம் மார்ச் மாதக் கடைசியில் வருவதால், அதற்கான பயிற்சி முழுவதும் ஜனவரி, பெப்ரவரிக் குளிரிலேயே நடக்கும். அதற்கு ஆயத்தமான ஆண்டில் என் கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "-11, மேற்குக் காற்று 20. மெரினோ, மெல்லிய ஜக்கெற், தடித்த ரைற்ஸ், மிற்றன். 18 கி.மீ. முதல் 2 கி.மீ. குளிர், பிறகு சரி. மிற்றனை 6ஆவதில் கழற்றினேன். ஃபிளீஸ் தேவைப்படவில்லை."