விண்டோஸ் மாற்றிய பிறகு ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லையா? அவசரத்தில் செய்யக் கூடாதவை

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, முதல் நாள் கடலுக்குப் போன போட்டுகள் கரைக்குத் திரும்பிய விடியலில்தான் அந்தப் போன் வந்தது. மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனி. "தம்பி, கணக்கு ஃபோல்டர் திறக்க மாட்டேங்குதுப்பா. இங்க எடை போட ஆரம்பிச்சாச்சு."

நண்டு, கணவாய், இறால் என்று எல்லா எடைக் கணக்கும் மூலையில் உபுண்டு (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) ஓடும் பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்த ஃபோல்டரை நெட்வொர்க் வழியாகத் திறக்கிற மற்ற இரண்டு கம்ப்யூட்டரும் விண்டோஸ். போட்டு போகாத அந்த 61 நாளில் இரண்டையும் விண்டோஸ் 11-க்கு மாற்றிக் கொடுத்தவன் நானேதான். மாற்றிய கையோடு ஷேர் ஃபோல்டரைத் திறந்து பார்க்கவில்லை. ஆக, முதல் தவறு என்னுடையது. திறந்து பார்த்தால் மட்டும் போதாது. ஒரு ஃபைலைப் போட்டு, அழித்தும் பார்க்க வேண்டும். சில நேரம் படிக்க விடும், எழுத விடாது.

போய்ப் பார்த்தால் திரையில், 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் (பாஸ்வேர்டு இல்லாமல் நுழைபவர்) அணுகலைத் தடுக்கிறது' என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. அர்த்தம் சொன்னதும் கணக்குப்பிள்ளை அண்ணன் கேட்டார்: "நம்ம முதலாளியா தடுத்தாரு?"

தடுத்தது முதலாளி இல்லை, விண்டோஸ். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11 ப்ரோவில் கெஸ்ட் நுழைவு இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. கூடவே, ஷேரிங்குக்குப் போகிற ஒவ்வொரு தகவலிலும் டிஜிட்டல் கையொப்பமும் கட்டாயம். அந்தக் கையொப்பத்துக்கான சாவி, லாகின் ஆகும்போது பாஸ்வேர்டை வைத்து உருவாகிறது. கெஸ்டுக்குத்தான் பாஸ்வேர்டே கிடையாதே, சாவி எங்கிருந்து வரும்? பல வருஷமாக யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று திறந்து கிடந்த ஃபோல்டர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன.

இந்த இடத்தில் யூடியூப் பார்த்துவிட்டு எஸ்எம்பி1-ஐ (ஃபைல் பகிர்வதற்கான பழைய நெறிமுறை) ஆன் செய்பவர்கள் அதிகம். தயவுசெய்து வேண்டாம். 2017-இல் வானாக்ரை என்கிற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். அதே வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் புதிதாக நிறுவும்போது அதைச் சேர்ப்பதையே மைக்ரோசாஃப்ட் நிறுத்தத் தொடங்கியது. உபுண்டு பக்கம் ஷேரிங்கைக் கவனிக்கும் சம்பாவும் (நெல் இல்லை, மென்பொருள்) 2019-இல் வந்த 4.11 பதிப்பில் அதை இயல்பாக மூடிவிட்டது. பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைக்கிற வேலை அது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. உபுண்டுவில் ஒரு யூசரை உருவாக்கி, அவருக்குச் சம்பா பாஸ்வேர்டு வைக்க வேண்டும். உபுண்டு லாகின் பாஸ்வேர்டு வேறு, சம்பா பாஸ்வேர்டு வேறு. ஒன்றை வைத்தால் மற்றது தானாக வந்துவிடாது. இது தெரியாமல் சரியான பாஸ்வேர்டையே பத்து தடவை அடித்துக்கொண்டிருப்பார்கள். விண்டோஸ் பக்கம், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பெயரும் பாஸ்வேர்டும் பதிந்து கிடந்தால் அதை நீக்கிவிட்டுப் புதிதாகக் கொடுங்கள். இல்லையென்றால் பழசையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

மறுபக்கமும் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸில் உள்ள ஃபோல்டரை மேக்கிலிருந்தோ உபுண்டுவிலிருந்தோ திறக்கும்போது, தினமும் அடிக்கிற நாலு இலக்கப் பின் நம்பர் (PIN) செல்லாது. பின் நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான். கணக்கின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும். பின் நம்பர் வைத்த நாளிலிருந்து அந்தப் பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

விண்டோஸிலிருக்கும் ஃபோல்டர் திறக்காவிட்டால் ஃபயர்வாலை அணைக்காதீர்கள். நெட்வொர்க் 'பப்ளிக்' என்று மாறியிருக்கிறதா பாருங்கள். ஆபீஸ் வைஃபையை 'பிரைவேட்' ஆக்கினாலே பாதி முடிந்துவிடும். 'எவரிஒன்' என்று எல்லாருக்கும் முழு அனுமதி கொடுப்பதும் வேண்டாம். அப்படிச் செய்தால் கணக்கை யார் அழித்தார்கள் என்று பிறகு பஞ்சாயத்துதான் வைக்க வேண்டும்.

நெட்வொர்க் பட்டியலில் கம்ப்யூட்டர் பெயர் தெரியவில்லை என்பதற்காகத் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பெயரைக் காட்டும் வேலை வேறு, ஃபைலைக் கொடுக்கும் வேலை வேறு. ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி) நேராக அடித்துப் பாருங்கள். கரண்ட் போய் வந்து, ரூட்டர் வேறு எண்ணைக் கொடுத்திருந்தால் நேற்றைய எண் வேலை செய்யாது. ரூட்டரிலேயே அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: லேன் கேபிளின் முனை. உப்புக்காற்றில் அது பச்சை பூத்திருந்தால் எந்த செட்டிங்கும் உதவாது.

அடுத்து உபுண்டுவையும் மேம்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில், சம்பாவின் அமைப்புக் கோப்பில் பழையதையே வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்கும். யோசிக்காமல் புதியதைப் போட்டால், நாம் எழுதி வைத்த ஷேர் விவரமெல்லாம் போய்விடும். அதனால் அந்தக் கோப்பை இப்போதே ஒரு பென்டிரைவில் எடுத்து, கம்பெனிப் பேர் எழுதி என் கடை டிராயரில் போட்டுவிட்டேன்.