முன் லோடர் இன்னும் கொஞ்சம் தூக்கட்டும் என்று நினைக்கும்போது செய்யும் தவறுகள்

மழையில் ஊறிய எருக்குழியில், டிராக்டரின் முன்னால் மாட்டிய லோடரின் பக்கெட்டைக் குத்தி நெம்பினால் வண்டி முன்னால் குனிகிறது, ஹைட்ராலிக் கத்துகிறது, பக்கெட்டைத் தாங்கும் ஆர்ம் மேலே வர மறுக்கிறது. கோடையில் இதே குழியில் பக்கெட் நிறைய அள்ளிய லோடர்தான். பட்டறைக்குப் போன் போட்டால், "ரிலீஃப் வால்வுல ஒரு வாஷர் போட்டுட்டாப் போதுங்ணா, தூக்கீரும்" என்று பதில் வருகிறது.

ஆயில் அழுத்தம் அளவை மீறினால் திறந்து விடுவதுதான் ரிலீஃப் வால்வு; வாஷர் அதன் ஸ்பிரிங்கை நெருக்கி அந்த அளவை ஏற்றிவிடும். அதனால் வாஷர் போட்டால் தூக்கும், அது பொய்யில்லை. ஆனால் தூக்குவது ஹைட்ராலிக், சுமப்பது டிராக்டர். ஆர்மைத் தள்ளித் தூக்கும் ஜாக்கிக்கு (ஹைட்ராலிக் சிலிண்டர்) பலம் கூட்ட அரை மணி நேரம் போதும். கூடிய எடையை முன் ஆக்ஸிலும், டயரும், லோடரைப் பிடித்திருக்கும் சட்டமும் தாங்குமா என்று அந்த அரை மணி நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. நானும் ஒரு முறை பார்க்கவில்லை. வாஷர் போட்ட மறுநாள், ஈர மணலோடு வரப்பில் இறங்கும்போது பின் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. பிரேக்கை மிதித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பக்கெட் தரையில் குத்தி நின்றதால் தப்பித்தேன். இதை எழுதுவதற்கு அந்தச் சில நொடிகள்தான் காரணம்.

அளக்காமல் கூட்டுவது

முதலில், லோடரின் பலம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா, அள்ளும் பொருளின் எடை ஏறியிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 0.3 கன மீட்டர் கொள்ளும் பக்கெட்டில் உலர்ந்த எரு ஏறக்குறைய 150 கிலோ வரும். நனைந்த எரு 250 கிலோவைத் தாண்டும். அதே பக்கெட்டில் ஈர மணல் நிரப்பினால் 550 கிலோவுக்கு மேல். எல்லாம் கண்ணுக்கு ஒரே பக்கெட்டாகத்தான் தெரியும்.

பொருள் மாறவில்லை, முன்பு தூக்கியதையே இப்போது தூக்கவில்லை என்றால் எங்கோ அழுத்தம் கசிகிறது. ஆயில் மட்டம், ஃபில்டர், பம்ப், ஜாக்கிக்குள் இருக்கும் சீல் என்று வரிசையாகப் பாருங்கள். பாரம் ஏற்றிய பக்கெட்டை ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கவனியுங்கள். பக்கெட் வேகமாக இறங்கினால் ஜாக்கி சீலிலோ கன்ட்ரோல் வால்விலோ கசிவு இருக்கிறது. அந்தக் கசிவைச் சரிசெய்தாலே பழைய பலம் திரும்பிவிடும். கசியும் ஜாக்கியை வைத்துக்கொண்டு ரிலீஃப் வால்வை இறுக்கினால் கசிவுதான் கூடும்.

ஆக்ஸிலேட்டரை ஏற்றினால் அதிகம் தூக்கும் என்பதும், பெரிய பம்ப் மாட்டினால் அதிகம் தூக்கும் என்பதும் பலரிடம் இருக்கும் நம்பிக்கை. பம்ப் தரும் ஆயிலின் அளவு வேகத்தைத்தான் தீர்மானிக்கும். தூக்கும் பலத்தை அழுத்தமும் ஜாக்கியின் உள்விட்டமும் தீர்மானிக்கும். பம்ப் தேய்ந்து போயிருந்தால் மட்டும் புதுப் பம்ப் பலன் தரும்.

பின்னால் எடை இல்லாமல் முன்னால் பலம் கூட்டுவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். ஒரு சாதாரண 45 எச்பி, இரு சக்கர இயக்க டிராக்டரை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 2,000 கிலோ, அதில் 800 முன் ஆக்ஸிலிலும் 1,200 பின் ஆக்ஸிலிலும் இருப்பதாக வைப்போம். இரண்டு ஆக்ஸிலுக்கும் இடையே 2 மீட்டர். முன் ஆக்ஸிலுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் தொங்கும் பக்கெட்டில் 600 கிலோ. இப்போது முன் ஆக்ஸில் கூடுதலாக எத்தனை கிலோ தாங்குகிறது?

600 என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். உண்மையில் 1,050. பாரம் ஆக்ஸிலுக்கு வெளியே தொங்குவதால் முன் ஆக்ஸிலை அச்சாக வைத்துப் பின்பக்கத்தை மேலே நெம்புகிறது. பின் சக்கரங்களிலிருந்து 450 கிலோ கழன்று முன்னால் போய்ச் சேருகிறது. வாஷர் போட்டு 800 கிலோ தூக்க வைத்தால் முன்னால் 1,400 கிலோ கூடும், பின்னால் 600 குறையும். பக்கெட், ஆர்ம் ஆகியவற்றின் சொந்த எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை, அதுவும் பெரும்பாலும் முன்னால்தான் இறங்கும். பின் ஆக்ஸிலில் பாதி எடைகூட மிஞ்சாது. நம் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான். பின் சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் பிரேக் பிடித்தும் பயனில்லை. வரப்பில் எனக்கு நடந்தது அதுதான்.

இதற்கு மருந்தாகப் பின் டயரில் தண்ணீர் நிரப்புவார்கள், வீல் வெயிட் மாட்டுவார்கள். நல்லதுதான், பின் சக்கரத்துக்குப் பிடி கிடைக்கும். ஆனால் அந்த எடை பின் ஆக்ஸிலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் முன் ஆக்ஸிலின் சுமையில் ஒரு கிலோகூடக் குறையாது. முன் ஆக்ஸிலுக்கு ஆறுதல் தர வேண்டுமானால் எடை பின் ஆக்ஸிலைத் தாண்டிப் பின்னால் இருக்க வேண்டும். கலப்பை மாட்டும் பின்பக்க லிஃப்ட்டில் மாட்டிய 500 கிலோ, பின் ஆக்ஸிலுக்கு 1 மீட்டர் பின்னால் இருந்தால், பின் ஆக்ஸிலில் 750 கிலோ கூட்டி முன் ஆக்ஸிலில் 250 கிலோ குறைக்கும்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. 200 லிட்டர் ஆயில் டிரம்மில் கான்கிரீட் நிரப்பினால் ஏறக்குறைய 480 கிலோ. லிஃப்ட்டின் கீழ் லிங்க் இரண்டுக்கும் பொருந்தும் தடித்த இரும்புத் தண்டையும், மேல் லிங்க் மாட்ட ஒரு கொக்கித் தகட்டையும் கான்கிரீட் ஊற்றும்போதே வைத்துவிட வேண்டும். பக்கச் சங்கிலிகளை இறுக்கி, டிரம் ஆடாமல், தரையை ஒட்டியே வையுங்கள். டிரம் இல்லாதவர்கள் ரொட்டேவேட்டரை மாட்டிக்கொள்ளலாம், ஆனால் அதன் நீளம் திரும்பும்போது பக்கத்தில் நிற்பவரை அடிக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

முன் டயரையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் சுமை அளவும் காற்றழுத்தமும்தான் கணக்கு. 6.00-16 டயரில் உழவுக்கு ஓட்டும் காற்றோடு லோடர் வேலை செய்தால் டயரின் விலா வெடிக்கும். பக்கத்து எடை மேடையில் பக்கெட்டில் பாரத்தோடு முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை எடுத்தால் ஊகத்துக்கு வேலை இருக்காது.

இன்னொன்று, டிராக்டர் நான்கு கால் மேசை மாதிரி நிற்பதாக நினைக்கிறோம். முன் ஆக்ஸில் நடுவில் உள்ள ஓர் இரும்புப் பின்னில் (pin) ஆடுகிறது. அதனால் வண்டி உண்மையில் முக்காலிதான்: பின் சக்கரங்கள் இரண்டு, முன்னால் அந்த ஒரு பின். பாரத்தை உயர்த்தியபடி ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் குடை சாய்வதை முன் சக்கரங்கள் தடுக்காது. பாரத்தோடு நகரும்போது பக்கெட் தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் எழக் கூடாது. வெயிலுக்குப் போட்ட கூரை, வண்டி கவிழ்ந்தால் காக்கும் பாதுகாப்புச் சட்டம் ஆகாது.

அழுத்தமானி இல்லாமல் வால்வைத் தொடுவது

பின்பக்க எடையும் டயரும் சரியான பிறகு அழுத்தத்துக்கு வரலாம். 50 மிமீ உள்விட்டமுள்ள ஜாக்கியின் பரப்பு 19.6 சதுர செமீ. 150 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஒரு சதுர செமீக்குச் சுமார் ஒரு கிலோ) ஒரு ஜாக்கி சுமார் 3,000 கிலோ பலத்தில் தள்ளும், இரண்டுமாக 6,000. அப்படியிருந்தும் பக்கெட்டில் சில நூறு கிலோதான் எழுகிறது, ஏனென்றால் ஜாக்கி ஆர்மின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் தள்ளுகிறது, பாரம் நுனியில் இருக்கிறது. அந்த 6,000 கிலோ முழுவதும் ஜாக்கியின் பின்களிலும் சட்டத்திலும்தான் விழுகிறது. அழுத்தத்தை 180 ஆக்கினால் பக்கெட்டில் நூறு கிலோ கூடலாம், ஆனால் பின்களிலும் வெல்டிங்கிலும் 1,200 கிலோ கூடுகிறது.

ஆயில் குழாயில் டி (T) வடிவ இணைப்பு வைத்து ஓர் அழுத்தமானி மாட்டி, இப்போது எத்தனை பார் என்று பாருங்கள். லோடர் புத்தகத்தில் உள்ள அளவைவிடக் குறைந்திருந்தால் கால் திருகு, கால் திருகாக ஏற்றி அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேலே போக வேண்டாம். ஸ்பிரிங்கை முழுக்க நெருக்கிவிட்டால் ரிலீஃப் வால்வு திறக்கவே இடமிருக்காது. அப்புறம் வால்வுக்குப் பதிலாக ஹோஸோ பம்ப்போதான் வெடித்துத் திறக்கும்.

ஹோஸையும் கணக்கில் எடுக்க வேண்டும். அரை அங்குல ஒற்றைக் கம்பிவலை ஹோஸின் வேலை அழுத்தம் சுமார் 160 பார், இரட்டைக் கம்பிவலை என்றால் சுமார் 275 பார். வெளியே பார்க்க இரண்டும் ஒரே கறுப்புக் குழாய்தான், மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பாரத்தோடு வரப்பில் குதிக்கும்போது கன்ட்ரோல் வால்வு மூடியிருக்கும், ஜாக்கிக்குள் அடைபட்ட ஆயிலில் ஏறும் திடீர் அழுத்தத்துக்குப் பம்ப் பக்கத்து ரிலீஃப் வால்வு உதவாது. அந்த அடியை ஹோஸே வாங்குகிறது.

ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்தது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும், சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். அடிபட்டால் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய், "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போய்விட்டது" என்று சொல்லுங்கள்.

ஜாக்கியைப் பெரிதாக்குவது, சட்டத்தில் தகடு ஒட்டுவது

50 மிமீ ஜாக்கிக்குப் பதில் 60 மிமீ போட்டால் அதே அழுத்தத்தில் 44 சதவீதம் பலம் கூடும். ஹோஸுக்கும் பம்ப்புக்கும் கூடுதல் சிரமம் இல்லை என்பதால் இது மேலான வழி போலத் தெரியும். ஆனால் ஏறும் நேரமும் அதே விகிதத்தில் நீளும், ஆயிலும் அதிகம் வேண்டும். பல டிராக்டர்களில் லோடர் எடுப்பது கியர்பாக்ஸ் ஆயிலைத்தான். ஆர்ம் முழுக்க உயர்ந்திருக்கும்போது மட்டம் இறங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சும். இரும்புப் பின்னும் சட்டமும் வாங்கும் அடி இதிலும் 44 சதவீதம் கூடும்.

அங்கேதான் வெல்டிங் வருகிறது. ஆர்மில் தகடு ஒட்டினால் ஆர்ம் உறுதியாகலாம், விரிசல் அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகும். டிராக்டருக்கு லாரி மாதிரி தனிச் சேஸிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் ஹவுசிங் எல்லாம் போல்ட்டில் கோர்த்ததுதான் அதன் முதுகெலும்பு. லோடரை எஞ்சின் பக்கத்தில் மட்டும் கட்டியிருந்தால், கூடுதல் பாரம் முழுவதும் கிளட்ச் ஹவுசிங் மூட்டில் முறிக்கும் விசையாக இறங்கும். அது வார்ப்பிரும்பு, வளைந்து எச்சரிக்காமல் வெடித்துவிடும். பின் ஆக்ஸில் வரை நீளும் துணைச் சட்டம் உங்கள் லோடருக்கு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால் பலம் கூட்டும் பேச்சையே எடுக்க வேண்டாம். வெல்டிங் செய்யத்தான் வேண்டும் என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். உயர்த்திய ஆர்முக்கு அடியில் இரும்பு முட்டுக் கொடுக்காமல் தலையை நுழைக்காதீர்கள்.

சரி, எடை கூட்டாமலே கிடைக்கும் லாபங்களும் உண்டு. மண்ணுக்குச் சின்ன பக்கெட், எருவுக்குப் பெரிய பக்கெட் என்று இரண்டு வைத்துக்கொள்ளலாம். பக்கெட்டைச் சீக்கிரம் கழற்றி மாட்ட ஆர்முக்கும் பக்கெட்டுக்கும் நடுவே வைக்கும் இணைப்புச் சட்டம் பாரத்தை முன்னால் தள்ளும், தானும் எடை கூட்டும். தேவையில்லாவிட்டால் பக்கெட்டை நேராக ஆர்மின் இரும்புப் பின்னிலேயே மாட்டுங்கள். குழியில் ஒட்டிக்கொண்ட எருவை ஆர்மால் தூக்க முயலாமல், முதலில் பக்கெட்டை மடக்கிப் பெயர்த்துக்கொண்டு பிறகு தூக்குங்கள்.

என் வண்டியில் இப்போது கான்கிரீட் டிரம் பின்னால் நிரந்தரமாக இருக்கிறது, முன் டயர் அகலமான 7.50-16, அழுத்தம் புத்தகத்தில் உள்ளபடி. வாஷரைக் கழற்றிவிட்டேன். நனைந்த எருவை முக்கால் பக்கெட்டாக எடுக்கிறேன். கிணற்று மேட்டுக் கல்லைப் புரட்டும் வேலை வந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஜேசிபி வரச் சொல்கிறேன்.