மண்சரிவுல வீடு உடைஞ்சா இன்சூரன்ஸுக்கு எதெல்லாம் எடுத்து வைக்கணும்

பின்பக்க மண்மேடு சரிஞ்சு குசினி சுவர் விழுந்துருச்சின்னா உடனே மண்வெட்டிய தூக்காதீங்க, மொதல்ல ஆளுங்கள வெளிய எடுத்துட்டு 117க்கு (இலங்கை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட அவசர நம்பர்) சொல்லுங்க, மேட்டுல இன்னும் வெடிப்பு தெரிஞ்சா போட்டோ எடுக்கக்கூட உள்ள போகாதீங்க.

பொறகு தூரத்துல நின்னு முழு வீடு, அப்புறம் ஒவ்வொரு அறை, வெடிப்புக்கு பக்கத்துல அடிமட்டம் வச்சு கிட்டத்துல ஒன்னு. ஃபிரிட்ஜ், டீவி சீரியல் நம்பரையும் எடுங்க. நனைஞ்ச சாமான மதிப்பிட வர்ற ஆள் பாக்கும் வரைக்கும் வீசாதீங்க (நாங்க மெத்தைய எரிச்சுட்டு முழிச்சோம்). கூரைக்கு தறப்பாள் வாங்குனா அந்த பில்லும் முக்கியம்.

கம்பெனிக்கு அன்னைக்கே கோல் எடுத்து கிளெய்ம் நம்பர், பேசினவர் பேர், நேரம் எல்லாம் கொப்பில எழுதிருங்க. கிராம சேவகர்கிட்ட ஒரு கடிதமும் வாங்கி வைங்க. பாலிசியில மண்சரிவு இருக்கான்னு பாருங்க, தீக்கு மட்டும் போட்டதும் இருக்கு.