பெரிய பபுள் பந்து வாங்கியாச்சா? சேலம் வெயில்ல அதை ஊதறது, புள்ளைங்களோட ஆடறது எப்படி

இந்த பபுள் பந்துன்னு விக்கறாங்களே, ஊதினா முட்டு உயரத்துக்கு மேல வரும், பாயாசத்துல வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியா இருக்கும், தொட்டா தளதளன்னு ஆடும், அதைத்தான் சொல்றேன். லீவு விட்டா சேலத்துல பாதி வீட்டுல புள்ளைங்க இதைக் கேட்டு அடம் பிடிக்குதுங்க. வாங்கின அன்னிக்கே டப்புனு வெடிச்சு புள்ளை அழுவறதுக்கு பெரும்பாலும் ஒரே காரணம்தாங்க, காத்தை அளவுக்கு மேல ஏத்திடறோம். இந்த பந்துக்கு கொஞ்சம் தொளதொளன்னு இருந்தாத்தான் உயிரு, விறைப்பா ஊதினா ஆட்டமும் போச்சு ஆயுசும் போச்சு.

வாங்கும்போது டப்பாவுல ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க. 2021 ஜனவரி 1ல இருந்து 14 வயசுக்குள்ள புள்ளைங்க ஆடற பொம்மைக்கு எல்லாம் அது கட்டாயம், வெளிநாட்டுல இருந்து வர்றதுக்கும் சேத்துத்தான். முத்திரை இல்லாம பாலித்தீன் கவர்ல சுத்தி குடுக்கறது எந்த பிளாஸ்டிக்ல செஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது, வாயில வெக்கற வயசு புள்ளை வீட்டுல இருந்தா அதை வாங்கவே வேணாம். ஊதாத பலூனும் கிழிஞ்ச பலூன் துண்டும் 8 வயசுக்குள்ள புள்ளைங்க தொண்டையில அடைச்சுக்கும்னு பலூன் பாக்கெட்லயே எச்சரிக்கை போடுவாங்க, இதுவும் அதே மெல்லிசு சமாச்சாரம்தான், அதனால ஊதறது, காத்தை எறக்கறது, மடிக்கறது எல்லாம் பெரியவங்க வேலை.

இப்ப ஊதறதுக்கு வருவோம். முக்கால் மீட்டர் குறுக்களவு இருக்கற பந்துக்குள்ள சுமார் 220 லிட்டர் காத்து போகணும். வாயால ஊதற கதையே கிடையாது. சைக்கிள் பம்ப்ல ஒரு அடிக்கு அரை லிட்டர்னு தாராளமா வெச்சாலும் நானூத்து சொச்சம் அடி அடிக்கணும், தோள்பட்டை கழண்டுடும். சரின்னு பஞ்சர் கடைக்கு எடுத்துட்டு போயிடாதீங்க, அங்க இருக்கற கம்ப்ரசர் டயருக்கு ஏத்துற அழுத்தத்துல அடிக்கும், இதுக்கு தேவைப்படற அழுத்தமே ரொம்ப கொஞ்சம், ஒரு நொடி தாண்டினா சோலி முடிஞ்சுது. டப்பாவோட வர்ற பேட்டரி பம்ப், இல்லைன்னா காத்து மெத்தைக்கு வெக்கற சின்ன மோட்டார் பம்ப், இது ரெண்டும்தான் சரி. பம்ப் சூடானா நிறுத்தி ஆற விட்டு மறுபடி போடுங்க.

ஊதறதுக்கு முன்னாடி ஹால்ல பழைய போர்வையை விரிச்சு அது மேல பந்தை பரப்புங்க, மோதிரம் வளையல் வாட்ச் எல்லாம் கழட்டி வெச்சுடுங்க. பம்போட மூக்கை வால்வுக்குள்ள நேரா செலுத்தி ஒரு கையால வால்வை சுத்திப் பிடிச்சுக்கோங்க, இல்லைன்னா அந்த இடம்தான் முதல்ல கிழியும். எவ்வளவு ஊதணும்ங்கறதுக்கு ஒரு வழி, டப்பாவுல போட்டிருக்கற அளவுல கால் பங்கு குறைச்சு, அதாவது மூணடின்னு போட்டிருந்தா ரெண்டேகால் அடி, செவுத்துல பென்சிலால ஒரு கோடு போட்டுக்கிட்டு பந்து அந்த கோட்டைத் தொட்டதும் நிறுத்திடுங்க. உள்ளங்கையை வெச்சு மெதுவா அழுத்தினா நாலு விரக்கடை உள்ள போகணும். புள்ளைங்க "இன்னும் இன்னும்"னு கத்தும், கேக்காதீங்க.

வெயில் விஷயத்தை கொஞ்சம் விவரமாவே சொல்லணும், ஏன்னா நம்மூரு ஏப்ரல் மே எப்படின்னு நமக்குத் தெரியும். ஏசி ரூம்ல ஊதி வெளிய கொண்டு போனா உள்ள இருக்கற காத்து சூடாகி விரியும், மேல இருக்கற தோலும் சூட்டுல இளகும், ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது பாருங்க, அதான் மத்தியானத்துல மொட்டமாடியில போட்ட பந்து கண்ணு முன்னாடியே வெடிக்குது. சாயந்தரம் அஞ்சரைக்கு மேல, தரை சூடு ஆறின பின்னாடி ஆடுங்க. மாடியில ஆடறதா இருந்தா கைப்பிடிச் சுவரு இருக்கறதுலயே வளத்தியான புள்ளைக்கும் நெஞ்சு உயரத்துக்கு இருக்கணும், பந்து வெளிய போனா புள்ளை சுவத்துல ஏறி எட்டித்தான் பாக்கும், அதை தடுக்க முடியாது. ஆடிக்காத்துல மாடியே வேணாம்.

இடம்னா சிமெண்ட் போட்ட முற்றம், வீட்டு ஹால், நல்லா வெட்டி விட்ட புல்தரை. காலி பிளாட்டு ஆகாது, நெருஞ்சி முள்ளும் வேலிக்கருவேல முள்ளும் இல்லாத காலி பிளாட்டு நம்ம பக்கம் எங்கங்க இருக்கு? சுண்ணாம்புக்கரடு பக்கம் குடியிருக்கறவங்களுக்கு அந்த வெள்ளைக்கல்லு சில்லு வேற. ரோட்டோரம் கண்டிப்பா வேணாம், லேசான பந்து காத்துல உருண்டு போறதை துரத்துற புள்ளை வண்டியைப் பாக்காது.

ஏற்காட்டுக்கு எடுத்துட்டு போறவங்களுக்கு. சேலத்துலயே ஊதி பின் சீட்டுல வெச்சு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறாதீங்க. மேல போகப் போக வெளிக்காத்தோட அழுத்தம் குறையும், சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கிட்டு வர்றதை நீங்களே பாத்திருப்பீங்க, அதேதான் இங்கயும். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர் கூட இல்லை, அங்க இருக்கற குளிருக்கு கொஞ்சம் சுருங்கும்னு கழிச்சுப் பாத்தாலும் பந்து கொள்ளளவுல பத்துல ஒரு பங்கு பெருசாயிடும், கீழயே விறைப்பா ஊதியிருந்தா பாதி வளைவுலயே கதை முடியும். மடிச்சு எடுத்துட்டு போய் அங்க ஊதுங்க. அங்க ஊதினது கீழ வந்தா சொங்கிப் போன மாதிரி தெரியும், ஓட்டைன்னு பயப்படாதீங்க, கொஞ்சம் காத்து ஏத்தினா போதும். ஏரிக்கரையில ஆடவே கூடாது, பந்து தண்ணியில விழுந்தா பின்னாடியே புள்ளை எறங்கும். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் மாதிரி பள்ளத்தை ஒட்டின இடத்துல பந்தை வெளியவே எடுக்காதீங்க. குரங்கு இருக்கற இடத்துலயும் வேணாம், நகம் பட்டா ஒரே இழுப்புதான்.

ஆட்டத்துல எனக்கு இந்த பந்து மேல பிரியம் வந்ததுக்கு காரணம் என்னன்னா இது மெதுவா வரும். கிரிக்கெட்டுன்னா பெரிய பசங்க ஆடுவாங்க, நாலு வயசு பொடுசு பந்து பொறுக்கிப் போடும், அவ்வளவுதான் அதுக்கு வாய்ப்பு. இதுல அந்த பொடுசும் ரெண்டு கையை விரிச்சு நின்னா பந்து அது கைக்கே வந்து சேரும். ஆனா உள்ள இருக்கற காத்து மட்டுமே கால் கிலோ கிட்ட வரும், அதனால பெரிய பையன் ஓடி வந்து எட்டி உதைச்சா சின்னது மல்லாக்க விழும், உதைக்கக் கூடாது கையால தட்டறது மட்டும்தான்னு முதல்லயே சொல்லிடுங்க. துப்பட்டாவை ரெண்டு சேருக்கு நடுவுல கட்டி வாலிபால் ஆடலாம், தரையில விழாம எத்தனை தட்டுன்னு எல்லாரும் சேந்து எண்ணலாம். ரெண்டு பேரு வயித்துக்கு நடுவுல பந்தை வெச்சுக்கிட்டு கையைத் தொடாம வாசல் வரைக்கும் நடக்கற போட்டி வெச்சா அண்ணன் தங்கச்சி சண்டை கூட அன்னிக்கு நின்னுடும். கரண்ட் போன நேரத்துல பந்துக்குப் பின்னாடி போன் டார்ச்சை அடிச்சுப் பாருங்க, அதுங்க மூஞ்சியைப் பாக்கணும் நீங்க.

மேல ஏறி உக்காரறது, குப்புற விழுந்து புரள்றது ரெண்டையும் விடாதீங்க, வெடிச்சா புள்ளை தலை நேரா தரைக்குத்தான் போகும். கொலுசு, ஹேர் கிளிப், ஜிமிக்கி கழட்டிடணும், நகம் வெட்டியிருக்கணும். எண்ணெ தேச்சு விட்ட புள்ளைங்களை குளிச்ச பின்னாடி ஆட விடுங்க, எண்ணெ பட்ட இடத்துல தோல் ஊறி தளந்து போயிடும்.

தண்ணி ஊத்தற மாதிரியும் சின்ன சைஸ்ல வருது. 40 சென்டிமீட்டர் பந்து முழுக்க தண்ணி ரொப்பினா 33 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டையில பாதிக்கு மேலங்க, புள்ளை கால் மேல உருண்டா என்ன ஆகும்? ரெண்டு சொம்பு தண்ணி, மிச்சம் காத்து, அதுக்கே சளப் சளப்னு சத்தம் வரும், அவங்களுக்கு அந்த சத்தம்தான் வேணும்.

ஆடி முடிச்சதும் பிளக்கை எடுத்து கையால மெதுவா அழுத்தி காத்தை எறக்குங்க. சோப்புத்தண்ணியில கழுவி நிழல்ல உலத்தி, ரெண்டு பக்கமும் முகப்பவுடர் லேசா தூவி, இறுக்காம மடிச்சு துணிப்பையில போடுங்க, பவுடர் போடலைன்னா தோலோட தோல் ஒட்டிக்கும், பிரிக்கும்போது கிழியும். பரண் மேல வேணாம், சூடு, அந்துருண்டை போட்ட பீரோவும் வேணாம். காத்து தானா எறங்குதுன்னா சோப்பு நுரையை தடவிப் பாருங்க, குமிழி வர்ற இடம்தான் ஓட்டை, காத்தை எறக்கி காய வெச்சு டப்பாவோட வந்த ஸ்டிக்கரை ஒட்டுங்க. சைக்கிள் டியூப் சொல்யூஷன் போடாதீங்க, மெல்லிசு தோல் கரைஞ்சு ஓட்டை இன்னும் பெருசாகும். விரல் நீளத்துக்கு கிழிஞ்சிருந்தா ஒட்டறதுல அர்த்தமில்லை, துண்டு துணுக்கு ஒண்ணு விடாம பொறுக்கி குப்பையில போட்டுட்டு, சோபாவுக்கு அடியிலயும் ஒரு தடவை குனிஞ்சு பாத்துடுங்க.