சொந்தமாக கெர்னல் எழுதும்போது எங்கெல்லாம் சறுக்கும்?

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிக்கு ஒரு குட்டி கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுத உட்காருகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில். லினக்ஸில் இருக்கும் ஜிசிசி கம்பைலரையே எடுத்து ஓட்டிவிடுகிறார்கள். அதுவோ, நிரல் லினக்ஸின் மேல்தான் ஓடப்போகிறது என்ற நினைப்பிலேயே வேலை செய்யும். வேறொரு தளத்துக்காக நிரலை மாற்றித் தரும் கிராஸ் கம்பைலர் ஒன்றை முதலில் தயார் செய்யுங்கள். அரை நாள் போனால் போகட்டும். 64 பிட் என்றால் ரெட் ஸோனையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்டாக்குக்கு (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகம்) கீழே ஃபங்ஷன்கள் உரிமையோடு பயன்படுத்தும் அந்த 128 பைட்டின் மேலேயே இன்டரப்ட் (ஹார்ட்வேர் குறுக்கிட்டு அனுப்பும் அழைப்பு) வந்து எழுதிவிடும்.

கெர்னலை நினைவகத்தில் ஏற்றித் தொடங்கிவைக்கும் பூட்லோடரையும் நானே எழுதுவேன் என்று 512 பைட்டுக்குள் மல்லுக்கட்டுவது சுவையான வேலைதான். ஆனால் அது வேறு வேலை. கிரப் என்ற ஆயத்த பூட்லோடரே போதும். அது ஸ்டாக்கை மட்டும் அமைத்துத் தராது. சி ஃபங்ஷனை அழைக்கும் முன் அசெம்பிளியில் நீங்களே அமைக்க வேண்டும்.

பெரும்பாலோர் வசமாக மாட்டுவது இன்டரப்ட்டில். ஐடிடி (எந்த இன்டரப்ட்டுக்கு எந்த ஹேண்ட்லர் ஃபங்ஷன் என்று சொல்லும் அட்டவணை) தயார், இன்டரப்ட்டைத் திறந்ததுமே டபுள் ஃபால்ட் (ஒரு பிழையைக் கையாளும்போதே இன்னொரு பிழை)! ஐடிடியை வரிவரியாகத் துழாவுவார்கள். தவறு அங்கே இருக்காது. இன்டரப்ட்டுகளை சிபியுவுக்கு அனுப்பும் பழைய 8259 கன்ட்ரோலரை, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் அமைத்திருக்கும் விதத்தில், டைமர் 8ஆம் எண்ணில் வரும். கெர்னல் ஓடும் புரொடெக்டட் மோடில் அதே 8தான் டபுள் ஃபால்ட்டுக்கும் எண். ஆக, வந்தது வெறும் டைமர். உண்மையான டபுள் ஃபால்ட் ஸ்டாக்கில் ஒரு எரர் கோடை ஏற்றும், டைமர் ஏற்றாது. அதை எதிர்பார்த்து எழுதிய ஹேண்ட்லர் திரும்பும்போது எங்கோ போய் விழும். கன்ட்ரோலரை 32இலிருந்து தொடங்கும்படி மாற்றினால் சரியாகிவிடும். அப்புறம் டைமர் ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு நின்றுபோனால், வேலை முடிந்தது என்று கன்ட்ரோலருக்குச் சொல்ல விட்டுப்போயிருக்கும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க வழி செய்துகொள்ளாமல் மெமரி மேனேஜர், கீபோர்டு என்று ஓடுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். டபுள் ஃபால்ட்டைக் கையாள்வதிலும் பிழை வந்து டிரிபிள் ஃபால்ட் ஆனால் கணினி சத்தமில்லாமல் ரீசெட் ஆகும், காரணம் தெரியாது. கியூஎமு என்ற கணினி எமுலேட்டரில் ரீபூட்டைத் தடுத்து, இன்டரப்ட் பதிவை இயக்கி வையுங்கள். கெர்னலின் முதல் நூறு வரிகளுக்குள் சீரியல் போர்ட்டில் எழுதும் ஃபங்ஷன் வந்துவிட வேண்டும்.

கியூஎமுவில் ஓடியது யூஈஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்தது) லேப்டாப்பில் கறுப்புத் திரையோடு நின்றால் உடனே கெர்னலைச் சந்தேகிக்காதீர்கள். பழைய விஜிஏ டெக்ஸ்ட் மோடு அங்கே பெரும்பாலும் இருக்காது. பூட்லோடரிடம் ஃபிரேம்பஃபர் (திரையின் பிக்சல்களுக்கான நினைவகம்) கேட்டு வாங்கி, எழுத்துகளைப் பிக்சல் பிக்சலாக நீங்களேதான் வரைய வேண்டும்.