பத்தாம் வகுப்பில் வரும் பாடத் தெரிவுப் படிவம்

நாங்கள் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மகன் பத்தாம் வகுப்பு. ஒரு மாசி மாத இரவு, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், அடுத்த வருடப் பாடங்களுக்கான படிவத்தில் கையெழுத்துக் கேட்டான். வாசிக்காமலே போட்டுக் கொடுத்தேன். அதில் கணிதத்துக்கு 'ஃபங்ஷன்ஸ்' என்று ஒன்றும் 'ஃபங்ஷன்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ்' என்று ஒன்றும் இருந்தன. இரண்டாவது சுலபம் என்று கூட்டாளி சொன்னதால் மகன் அதை எடுத்துவிட்டான். எஞ்சினியரிங் படிக்க ஆசைப்பட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் எடுக்க அந்த முதலாவது பாடம் வேண்டும். அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் இல்லாவிட்டால் கால்குலஸும் இல்லை. ஜூலை முழுக்கக் கோடைப் பள்ளிக்குப் போய்த்தான் அதைச் சரிசெய்தான்.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளையின் வழி இந்தப் படிவத்தில்தான் பிரிகிறது. நமக்குப் பழக்கமானது ஏ.எல். அல்லது பிளஸ் டூ: கடைசியில் ஒரு பெரிய பரீட்சை, அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இங்கே அப்படி ஒரு பரீட்சை இல்லை. வகுப்பு வேலை, ஒப்படை, தவணைத் தேர்வு எல்லாம் சேர்ந்த புள்ளிதான் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. பதினோராம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பாடக் குறியீட்டின் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். 'யூ' பல்கலைக்கழகத்துக்கு, 'சி' காலேஜுக்கு, 'எம்' இரண்டுக்கும், 'ஈ' நேரே வேலைக்கு. பல்கலைக்கழகம் பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்பின் 'யூ' ஆங்கிலத்தோடு, 'யூ' அல்லது 'எம்' வகையில் இன்னும் ஐந்து பாடம் கேட்கும். அதனால் விருப்பமான படிப்புக்கு என்ன பாடங்கள் வேண்டும் என்று முதலில் பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிப் பத்தாம் வகுப்புவரை வாருங்கள்.

காலேஜ் என்ற சொல்லிலும் நம்மவர்கள் குழம்புகிறார்கள். இங்கே காலேஜ் வேறு, கம்பஸ் என்று நாம் சொல்லும் பல்கலைக்கழகம் வேறு. சென்டேனியல், செனகா போன்ற காலேஜ்கள் வேலைக்கு நெருக்கமான டிப்ளோமாக்களைத் தருகின்றன. கம்பஸ் கிடைக்காதவர்கள்தான் அங்கே போவார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டுப் பிள்ளையின் மனதை உடைக்காதீர்கள். மின்சார வேலையோ குழாய் வேலையோ பழக விரும்பும் பிள்ளைக்குப் பள்ளியில் படிக்கும்போதே தொழில் பழகும் ஓயாப் திட்டம் இருக்கிறது. கோ-ஆப் என்ற பாடத்தில் வேலைத்தளத்துக்குப் போய்ப் பழகியே கிரெடிட், அதாவது பாடத்தை முடித்தால் கிடைக்கும் அலகு, வாங்கலாம். மருத்துவத் துறை என்று கனவு காணும் பிள்ளைகூட ஒரு தவணை கோ-ஆப் எடுப்பது நல்லது என்பது என் எண்ணம். அது தனக்குச் சரிவராது என்று பதினேழு வயதில் தெரிவது, நாலு வருடப் பணம் கட்டிய பிறகு தெரிவதைவிட எவ்வளவோ மேல்.

பள்ளிப் படிப்பை முடித்துப் பெறும் டிப்ளோமாவுக்கு மொத்தம் 30 கிரெடிட். ஊரில் படித்ததற்கும் பள்ளி அதிபர் கிரெடிட் கொடுப்பார். ஆகவே பழைய மதிப்பெண் அறிக்கைகளை மொழிபெயர்த்து எடுத்து வாருங்கள். பத்தாம் வகுப்பில் எழுத்தறிவுத் தேர்வு உண்டு, தவறினால் மறுபடியும் எழுதலாம். 40 மணிநேரத் தொண்டு வேலையும் வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு முந்தைய கோடையிலேயே அதைத் தொடங்கலாம். கோவிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ செய்வதென்றால் முதலில் பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஈ.எஸ்.எல். வகுப்பில் பிள்ளையைப் போட்டால் சிலர் அவமானமாக நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். கட்டாய ஆங்கிலக் கிரெடிட் நாலில் மூன்றுவரை ஈ.எஸ்.எல். பாடமாக இருக்கலாம். அடித்தளம் இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்துக்குள் தள்ளிவிட்டால், பல்கலைக்கழகம் பார்க்கும் சராசரிதான் விழும்.

அப்புறம் காசு. ஆர்.ஈ.எஸ்.பி. என்ற, பிள்ளையின் மேற்படிப்புக்கான சேமிப்புக் கணக்கில் ஒரு வருடத்தில் 2,500 டொலர் போட்டால் மத்திய அரசு 500 டொலர் சேர்க்கும். பெரிய பிள்ளையோடு வருபவர்கள் கவனிக்க: 16, 17 வயதிலும் அந்தப் பணம் கிடைக்கவேண்டுமென்றால், பிள்ளைக்கு 15 வயதாகும் வருடம் முடிவதற்குள் கணக்கில் குறைந்தது 2,000 டொலர் சேர்ந்திருக்கவேண்டும், அல்லது அதற்குள் ஏதாவது நாலு வருடங்களில் வருடத்துக்கு 100 டொலராவது போட்டிருக்கவேண்டும். வருமானம் குறைந்த குடும்பமென்றால், கணக்கைத் திறந்து விண்ணப்பித்தாலே போதும், நாம் ஒன்றும் போடாமலே கனடா லேர்னிங் பாண்ட் என்ற அரசுப் பணம் வரும். பிறகு படிப்பு தொடங்கும்போது ஓசாப் என்ற மாகாண உதவிக்கு விண்ணப்பிக்கலாம். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்களுக்கும் அது உண்டு.

படிவம் வருவதற்கு முன்பே, கார்த்திகை மார்கழியில், பாடத் தெரிவில் வழிகாட்டும் பள்ளியின் கைடன்ஸ் கவுன்சலரை நேரில் பாருங்கள். ஆங்கிலம் தடையென்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பல பள்ளிகளுக்குக் குடியேற்ற உதவியாளர்கள் வருகிறார்கள், தமிழ் பேசுபவர்களும் அவர்களில் உண்டு. போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போய், என்ன படிக்க ஆசை என்று கவுன்சலர் முன்னால் அவர்களையே சொல்லவிடுங்கள்.