டீம்ல உங்கள மட்டும் கழட்டி விட்டா என்ன பண்ணனும், என்ன பண்ணவே கூடாது

டீம் மொத்தமும் டீக்கு எந்திரிச்சு போறாங்க, உங்கள மட்டும் கூப்பிடல. லஞ்ச்ல நீங்க வந்து உக்காந்ததும் பேச்சு நின்னுடுது. நீங்க இல்லாம தனியா ஒரு வாட்ஸப் குரூப் ஓடுறது யாரோ வாய் தவறி சொல்லி தெரிய வருது. யாரும் திட்டல, சண்டை போடல, அதனால வெளிய சொன்னா "இதெல்லாம் ஒரு மேட்டரா"ம்பாங்க. மேட்டர்தான். ஓரங்கட்டப்பட்டா நம்ம நடத்தை எந்தெந்த பக்கம் இழுத்துட்டு போகும்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கிட்டா பாதி சேதத்த தடுத்துடலாம்.

மொதல்ல, வலிக்குதுன்னு ஒத்துக்கோங்க. கிப்லிங் வில்லியம்ஸ்னு ஒரு அமெரிக்க சைக்காலஜி ப்ரொபசர், பார்க்ல இருந்தப்ப ஃப்ரிஸ்பீ தட்டு ஒன்னு அவர் பக்கம் வந்து விழ, எடுத்து போட்டிருக்காரு, முன்ன பின்ன தெரியாத அந்த ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் இவரையும் சேத்துக்கிட்டு அப்புறம் சும்மா விட்டுட்டாங்க, அவ்வளவுதான், அதுக்கே மனசு வாடிப்போச்சாம். அதுல இருந்து வந்ததுதான் சைபர்பால்ங்கிற கம்ப்யூட்டர் கேம். மூணு பேர் பந்து போட்டு விளையாடுவாங்க, கொஞ்ச நேரத்துல உங்களுக்கு மட்டும் பந்து வராது. சில நிமிஷத்துலயே ஆளுங்க சோர்ந்துடுறாங்க. எதிர்ல ஆடுறது வெறும் கம்ப்யூட்டர்தான்னு சொன்னாலும் வலிக்குது, நாம வெறுக்குற கூட்டம் ஒதுக்குனாலும் வலிக்குது. அதனால "நான் ஏன் இவ்ளோ வீக்கா இருக்கேன்"னு உங்கள நீங்களே குத்திக்காதீங்க. மனுஷனுக்கு இது அப்படித்தான் வேல செய்யுது.

இப்ப முக்கியமான விஷயம். அந்த வலில ஆள் ரெண்டு பக்கமும் சாய்வாங்க. சிலர் எப்படியாவது திரும்ப சேந்துடணும்னு எல்லாத்துக்கும் தலையாட்டுவாங்க, பிடிக்காத ஜோக்குக்கும் சிரிப்பாங்க, அடுத்தவங்க வேலையையும் இழுத்து போட்டுப்பாங்க. சிலர் வெடிப்பாங்க. 2006-ல வந்த ஒரு ஆராய்ச்சில, ஒதுக்கப்பட்டவங்ககிட்ட காரம் பிடிக்காத ஒரு ஆளுக்கு எவ்வளவு ஹாட் சாஸ் கொடுக்கலாம்னு கேட்டாங்க. ஒதுக்கப்பட்டு, அதுக்கப்புறமும் எதுவும் தன் கையில இல்லைங்கிற நிலைமைல இருந்தவங்க மத்தவங்கள விட நாலு மடங்குக்கு மேல கொடுத்தாங்க. ஆனா அதே மாதிரி ஒதுக்கப்பட்டும், நடுவுல ஒரு சின்ன விஷயத்துல கண்ட்ரோல் கிடைச்சவங்க அப்படி பண்ணல! எனக்கு இந்த ஆராய்ச்சிலயே ரொம்ப உபயோகமான இடம் இதுதான், ஏன்னா நாம என்ன பண்ணனும்னு இதுலயே வழி இருக்கு.

அதாவது அன்னிக்கு சாயங்காலம் உங்க கையால முழுசா முடியுற வேல ஒன்ன எடுங்க. வண்டிய கழுவுறது, பாக்கி இருந்த பில் எல்லாம் கட்டுறது, பிரியாணி செய்யுறது, எதுவா இருந்தாலும் சரி, ஆரம்பிச்சு முடிக்கணும். கூடவே ஆபீஸுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு ஆளுக்கு போன் போடுங்க, அக்காவோ ஸ்கூல் ஃப்ரெண்டோ, அழுதாலும் பரவாயில்ல, பேச்சு வேற பக்கம் போனா இன்னும் நல்லது.

அன்னிக்கு பண்ணவே கூடாதது: குத்தலா ஸ்டேட்டஸ் வைக்காதீங்க, குரூப்ல இருந்து லெஃப்ட் ஆகாதீங்க, ரிசைன் மெயில் அடிக்காதீங்க. நோட்ஸ்ல டைப் பண்ணி வைங்க, ரெண்டு நாள் கழிச்சு படிங்க. அப்புறம் வாய கட்டுறதும் அன்னிக்கு கஷ்டம்தான், "உன்கூட வேல செய்ய யாருமே விரும்பல"ன்னு சொல்லப்பட்டவங்க கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பிஸ்கட் சாப்பிட்டாங்கன்னு 2005-ல ஒரு ஆராய்ச்சில பாத்திருக்காங்க, அதனால பாட்டில், சிகரெட் பழக்கம் இருக்கறவங்க அன்னிக்கு தனியா இருக்காம பாத்துக்கோங்க.

ரெண்டு நாள் போகட்டும், அப்புறம் நிதானமா யோசிங்க. அதே ஆளுங்க, அதே மாதிரி, திரும்பத் திரும்ப பண்றாங்களா? இல்ல ஒரு தடவ விட்டுப்போச்சா? மனசு புண்பட்டிருக்கப்ப ஒருத்தர் போன் பாத்துக்கிட்டே நம்மள தாண்டி போனாகூட வேணும்னு பண்ண மாதிரி தோணும். திரும்பத் திரும்ப நடந்தா, கூட்டத்துல கேக்காதீங்க, தலைவர் மாதிரி இருக்குறவர்கிட்டயும் போகாதீங்க, அதுல கொஞ்சம் இளகின மனசு இருக்குற ஒருத்தர தனியா பிடிச்சு, "எல்லாரும் சேந்து வெளிய போறது எனக்கு கடைசிலதான் தெரியுது, என் மேல எதாவது வருத்தம் இருந்தா நேரா சொல்லுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்"னு மட்டும் கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் அமைதியா இருங்க.

மீட்டிங்குக்கு கூப்பிடாம, மெயில்ல சேக்காம விடுறாங்கன்னா அது வேற கேஸ். தேதி போட்டு குறிச்சு வைங்க, மேனேஜர்கிட்ட போறப்ப வருத்தத்த பத்தி பேசாம வேல எங்க கெடுதுன்னு காட்டுங்க, அப்பதான் நகரும்.

ஜாதிய வெச்சு ஒதுக்குறாங்க, தட்டு டம்ளர் பாக்குறாங்கன்னா அவங்களுக்கு பிடிச்ச மாதிரி மாறி உள்ள நுழைய பாக்காதீங்க, ப்ளீஸ். உங்ககிட்ட குறையே இல்ல. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள சமூக புறக்கணிப்பு செய்யுறது, வன்கொடுமை தடுப்பு சட்டத்துல 2015-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் குற்றமாவே எழுதப்பட்டிருக்கு. சாட்சி, மெசேஜ் எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கிட்டு வக்கீல பாருங்க.

பக்கத்துல இருந்து வேடிக்க பாக்குறவங்களுக்கும் ஒன்னு. நீங்க யாரோடயும் சண்டைக்கு போக வேணாம். தெரியாத ஆள் ஒருத்தர் நடந்து போறப்ப கண்ண பாத்தாலே, பாக்காத மாதிரி தாண்டி போறத விட மனசு ஒட்டுதலா இருக்குன்னு ஆராய்ச்சில தெரிஞ்சிருக்கு. மீட்டிங்ல அவங்க பேர சொல்லி "நீங்க என்ன நினைக்கிறீங்க"ன்னு கேளுங்க, போதும்.

மாசக்கணக்கா இது போய், தூக்கம் கெட்டு, "நான் இருந்தா என்ன இல்லாட்டி என்ன"ங்கிற அளவுக்கு வந்துட்டா, அதுக்கு மேல தனியா சமாளிக்காதீங்க. 14416-க்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ்ங்கிற மனநல உதவி நம்பர், காசு கிடையாது, ராத்திரி எத்தன மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.